உயிர் ஓர் அமானிதம்

 

 

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்துச் செய்தி வரும்போது, "வயது என்ன?" என்றுதான் நாம் முதலில் கேட்கின்றோம். எண்பது என்றால், "நன்றாக வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்" என்று ஆறுதல் கொள்கின்றோம். நாற்பத்தைந்து என்றால் ஒரு கணம் திகைக்கின்றோம். பிறகு, "அவருடைய அஜல் அவ்வளவுதான்" என்று சொல்லி, ஜனாஸாவைத் தோளில் ஏற்றிக் கொண்டு போய் அடக்கிவிட்டு, அவரவர் வேலைக்குத் திரும்பி விடுகின்றோம்.

இறப்புச் சான்றிதழில் "மாரடைப்பு" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்து விடுவார்கள். அந்த நெஞ்சு அடைபடுவதற்கு முன் பத்து ஆண்டுகளாக அதற்குள் என்னென்ன இருந்தன என்பதை யாரும் எழுதுவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆர்டர் இல்லாமல் நிற்கும் லேத் பட்டறை, தண்டல்காரருக்கு அன்றாடம் கட்ட வேண்டிய பணம், மகளின் நிக்காஹுக்குக் கேட்கப்படும் கைக்கூலி, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்டு, சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக் கொண்ட உடன்பிறந்த அண்ணன். இவையெல்லாம் எந்தச் சான்றிதழில் வரும்?

இதைப் பற்றியே இன்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

அஜல் என்பது சாக்கு அல்ல

அஜல் குறிக்கப்பட்டு விட்டது. அது முந்தாது, பிந்தாது. இது நம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் இந்த ஈமானை நம் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்ள நமக்கு அனுமதி உண்டா?

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலம். ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட அவர்கள் ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. ஆலோசனை கலந்து, திரும்பிச் செல்வது என்று முடிவு செய்தார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகின்றீர்கள்?" என்ற கருத்தில் அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே தாம் செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். (புகாரீ, முஸ்லிம்)

இதைவிடத் தெளிவு வேண்டுமா? வறண்ட கரையில் ஒட்டகத்தை விட்டுவிட்டு, "விதி" என்று சொல்பவன் விதியைப் புரிந்து கொண்டவன் அல்லன். தன் பொறுப்பை அல்லாஹ்வின் மீது போட்டுவிட்டவன். நம் கரங்களாலேயே நம்மை அழிவில் தள்ளிக் கொள்வதை அல்லாஹ் திருமறையில் (2:195) தடுத்திருக்கின்றான். உயிர் நம் சொத்து அல்ல, அமானிதம். அமானிதத்தை எப்படிப் பேணினாய் என்ற கேள்வி நாளை நிச்சயம் உண்டு.

பெருமானார் பாதுகாவல் தேடிய எட்டு

நம் உயிரைச் சிறிது சிறிதாக அரிப்பவை எவை என்பதைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு துஆவிலேயே வரிசைப்படுத்தித் தந்திருக்கின்றார்கள். அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், இந்த துஆவைப் பெருமானார் அடிக்கடி ஓதக் கேட்டதாக அறிவிக்கின்றார்கள். (புகாரீ) எட்டு விஷயங்களிலிருந்து அதில் பாதுகாவல் தேடப்படுகின்றது. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம். ஒவ்வொன்றும் ஜோடி ஜோடியாக வருவதைக் கவனியுங்கள். ஜோடி ஜோடியாகவே நாமும் பார்ப்போம்.

கவலையும் துக்கமும்

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடா நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக் கழகத்தில் இருதய ஆராய்ச்சி நடத்தியவர் டாக்டர் ஸலீம் யூசுஃப். அவர் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்ற "இன்டர்ஹார்ட்" ஆய்வு 2004-ஆம் ஆண்டு வெளியாயிற்று. முதல் மாரடைப்போடு தொடர்புடைய ஒன்பது விஷயங்களை அது எடுத்துக் காட்டியது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொந்தி, மது, காய்கறி பழம் உண்ணாமை, உடல் உழைப்பின்மை ஆகிய எட்டோடு ஒன்பதாவதாக அது சேர்த்தது மன அழுத்தத்தை! ஆண்களுக்கு வரும் மாரடைப்பில் 100-க்கு 90 பங்கு இந்த ஒன்பதுக்குள் அடங்கி விடுகின்றது. ஓயாத மன அழுத்தத்தில் வாழ்பவருக்கு, அது இல்லாதவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக ஆபத்து இருந்தது. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53-ஆம் வயதில் வந்தது. மற்ற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59.

கவலை எப்படி உடலைத் தாக்குகிறது? ஆபத்து நேரத்தில் ஓடவும் எதிர்க்கவும் வேண்டிய வேகத்தைத் தருவதற்காக, அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்பு நீர்களை அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கின்றான். அவை சுரந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், இரத்தத்தில் சர்க்கரை கூடும். ஆபத்து நீங்கியதும் அடங்கிவிட வேண்டியவை அவை. ஆனால் கடன்காரர் தினமும் வாசலில் நிற்கும்போது ஆபத்து நீங்குவதே இல்லையே! உடல் இரவும் பகலும் போர்க்களத்திலேயே நிற்கின்றது. உறக்கம் கெடுகின்றது. கவலையை மறக்கப் பீடியும், மாவாவும் கைக்கு வருகின்றன. மாத்திரை மறந்து போகின்றது.

துக்கம் உடலைப் பாதிக்கும் என்பதற்குத் திருமறையிலேயே சான்று உண்டு. யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் பார்வை மங்கியதை ஸூரத்து யூஸுஃப் (12:84) எடுத்துரைக்கின்றது. அவர்கள் ஒரு நபி! அவர்களின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? ஆகவே, மனம் சோர்ந்து கிடக்கும் சகோதரனைப் பார்த்து, "ஈமான் பலவீனம்" என்று சொல்லி நோகடிக்காதீர்கள். "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லைக் கேலிக்குப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விட்டொழியுங்கள். மனநோயும் நோயே, அதற்கும் மருந்து உண்டு. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல ஆலோசனைத் தொலைபேசி எண் 14416. துஆவும் கேளுங்கள், டாக்டரிடமும் செல்லுங்கள்.

இயலாமையும் சோம்பலும்

1953-ல் லண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பஸ்களில் பணியாற்றியோரை டாக்டர் ஜெர்ரி மோரிஸ் என்பவர் ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குபவர். ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் இருதய நோய் டிரைவர்களுக்கே அதிகம் இருந்தது, கண்டக்டர்களுக்குக் குறைவு. நாமோ இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகின்றோம்! பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை எழுதப்படுகின்றது என்பதை அறிந்திருந்தும், அந்த நன்மையைப் பெட்ரோல் ஊற்றி எரிக்கின்றோம்.

வயிற்றைவிடத் தீய பாத்திரத்தை மனிதன் நிரப்புவதில்லை என்றும், முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். (திர்மிதீ) நம் வலீமா விருந்துகளை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ரமளானில் பகலெல்லாம் பசித்திருந்து, இஃப்தாரில் எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரை சர்பத்தும் மூன்று பங்கையும் நிரப்பிய பிறகு, தராவீஹில் மூச்சு விடத் திணறுகின்றோமே!

"விட நினைக்கின்றேன், முடியவில்லை" என்று புகைப்பவர் சொல்வதுதான் இயலாமை. இதில் நம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடன் சேர்ந்தோரும், சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்து போன 43,000 ஆண்களின் வாழ்க்கையை வீடு வீடாகக் கேட்டறிந்து, 2003-ல் வெளியிட்டார்கள். நகரில் புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நாலரை மடங்கு! 25-லிருந்து 69 வயதுக்குள் புகையால் இறப்பவர் இழப்பது சுமார் 20 ஆண்டு வாழ்வு. இருபது ஆண்டு! பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய காலம் அது.

புகைத்தலை ஹராம் என்போர் உலமாக்களில் பலர்; மக்ரூஹ் என்போர் சிலர். நன்மை என்று சொன்னவர் ஒருவருமில்லை. இயலாமை உண்மையே, அதனால்தான் பெருமானார் அதிலிருந்து பாதுகாவல் தேடினார்கள். நோன்பில் பதினான்கு மணி நேரம் தொடாமல் இருக்க முடிகின்றவருக்கு, அந்த உறுதியைப் பிறை தெரிந்த மாலையில் தூக்கியெறியாமல் வைத்துக் கொள்ளவும் அல்லாஹ் உதவுவான்.

கஞ்சத்தனமும் கோழைத்தனமும்

போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது மட்டுமா கோழைத்தனம்? "இரத்தம் சோதித்தால் ஏதாவது இருக்கிறது என்று சொல்லி விடுவார்களே" என்று பயந்து சோதிக்காமலே இருப்பதும் அதுதான். சென்னையில் 1989-ல் வயது வந்தோரில் 100-க்கு 8 பேருக்கு இருந்த சர்க்கரை நோய், 2004-ல் 14 பேருக்கு மேல் ஆகிவிட்டது. நாடெங்கும் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. இது சத்தமின்றி வரும் நோய். சோதிக்காததால் இல்லாமல் போய்விடாது. கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் எடுத்துக் கொண்ட பிறகு தெரியும்.

கஞ்சத்தனமும் அவ்வாறே. மகன் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட மனம் வரும். மனைவியின் முழங்கால் வலிக்கும் மயக்கத்துக்கும் டாக்டரிடம் அழைத்துப் போகக் காசு வராது! தாய்மார்களும் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்டு, எல்லோரும் உறங்கிய பிறகு உறங்கி, தம் நோயைத் தமக்குள்ளேயே வைத்துக் கொள்கின்றார்கள். சகோதரிகளே, இது தியாகம் என்று எண்ணாதீர்கள். உங்கள் உடலும் அமானிதமே. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தரும் ஏற்பாடு அது. அப்படி வரும் ஊழியரை, "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை" என்று திருப்பியனுப்பாதீர்கள்.

கடனும் மனிதர்களின் ஆதிக்கமும்

இங்கிலாந்தில் 1967-ல் அரசாங்க ஆண் ஊழியர்களிடையே "வைட்ஹால்" ஆய்வு தொடங்கியது. எல்லோரும் நிலையான சம்பளக்காரர்கள். எல்லோருக்கும் அரசின் இலவச மருத்துவம். ஆயினும், கடைநிலையில் இருந்தவர்கள் இருதய நோயால் இறப்பது, உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகையும் கொழுப்பும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலையில் தனக்கு எந்தச் சொல்லும் இல்லாமல், மேலே இருப்பவர் ஆட்டியபடி ஆடுவதே ஒரு பெரும் ஆபத்து என்று பின்னர் நடந்த இரண்டாம் ஆய்வு தெரிவித்தது. மனிதர்களின் ஆதிக்கத்திலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் பாதுகாவல் தேடினார்கள் என்பது இப்போது விளங்குகின்றதா?

முதலாளிமார்களே! வாரத்திற்கு 55 மணிக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 100-க்கு 35 பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றன. உங்கள் பட்டறையில் இரட்டை ஷிப்டு பார்க்கும் பையனுக்கும் உடல் உண்டு. அவன் கண்ணுக்கும் உரிமை உண்டு. அவனை எல்லோர் எதிரிலும் கடிந்து பேசிய சொல், அவன் இரத்தத்தில் எத்தனை நாள் ஓடும் என்பதை அறிவீர்களா? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, சம்பளத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளினால், அவனைத் தண்டல்காரரிடம் அனுப்பி வைப்பது நீங்கள்தான்.

கடனைப் பற்றி என்ன சொல்வது! பாதிக் கடன் வயிற்றுக்காக வாங்கியதன்று. ஊர் வாய்க்காக வாங்கியது. கைக்கூலியும், மண்டபமும், சீரும் ஒரு தகப்பனின் நெஞ்சில் ஏற்றும் பாரத்தைக் கேட்டு வாங்கும் மாப்பிள்ளை வீட்டார், அவன் ஆயுளிலிருந்து பங்கு கேட்கின்றார்கள் என்பதை உணர வேண்டும்.

பள்ளியில் தனித்திருந்தவர்

இதே துஆவோடு சேர்ந்து அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. ஒரு நாள் தொழுகை நேரம் அல்லாத வேளையில் பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் வந்தார்கள். அங்கே அபூஉமாமா என்னும் அன்ஸாரித் தோழர் தனியே அமர்ந்திருந்தார். இந்த நேரத்தில் ஏன் இங்கே அமர்ந்திருக்கின்றீர் என்று பெருமானார் விசாரித்தார்கள். கவலைகளும் கடன்களும் தம்மைப் பிடித்துக் கொண்டதாக அவர் கூறினார். அப்போதுதான் காலையும் மாலையும் ஓதும்படி இந்த துஆவை அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

சகோதரர்களே! துஆவை மட்டும் எடுத்துக் கொண்டு, அதற்கு முன் நடந்ததை விட்டு விடுகின்றோமே! பெருமானார் அவரைக் கவனித்தார்கள், பிறகு கேட்டார்கள். அதன் பிறகுதான் துஆ வந்தது. ஒருவன் நேரம் தவறி உட்கார்ந்திருப்பதைக் காண்பதும், ஏன் என்று கேட்பதும் ஸுன்னத்தல்லவா? பள்ளியைக் கூட்டிப் பெருக்கிய ஓர் எளியவர் சில நாட்களாகக் காணப்படாதபோதும் பெருமானார் விசாரித்தார்கள். இறந்து அடக்கம் செய்யப்பட்டுவிட்டது என்று அறிந்ததும், தமக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கபுருக்கே சென்று தொழுவித்தார்கள். (புகாரீ)

1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபின், எங்கெங்கிருந்தோ பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி நம்முடையது. பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் பல ஆண்டு வாழ்ந்து விடலாம். தனிமை சாதாரணமானதன்று. மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ளடங்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியாயிற்று. நல்ல உறவுகளோடு வாழ்பவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு, உறவு நலிந்தவர்களைவிட 100-க்கு 50 பங்கு அதிகம் என்றது அது. ஆயுள் நீளவும் ரிஸ்க் விரியவும் விரும்புகின்றவர் இரத்த உறவைப் பேணட்டும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் என்றோ நவின்றது புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கின்றதே!

ஜமாஅத்தார் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளி வளாகத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்து, ஒரு குடும்பத்தையேனும் தண்டலிலிருந்து மீட்கலாம். மூன்று நாள் ஜமாஅத்துக்கு வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் நடந்து போகலாம். கைக்கூலி கேட்கும் நிக்காஹில் உண்ண மாட்டோம் என்று பெரியவர்கள் சிலர் உறுதி கொள்ளலாம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், மையித்தின் மகனோ சகோதரரோ எழுந்து, "இவருக்குக் கடன் ஏதும் இருந்தால் என்னிடம் கேளுங்கள்" என்று அறிவிப்பதை நாமெல்லாம் கேட்டிருக்கின்றோம். நல்ல வழக்கம், கட்டாயம் தொடர வேண்டிய வழக்கம். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்கப் பெருமானார் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக் கொண்டார்கள் அல்லவா? ஆனால் அந்த வார்த்தையை, அவர் உயிரோடு இருந்து, உறக்கமின்றிப் புரண்ட ஓர் இரவில், அண்ணனோ தம்பியோ அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால்? மையித்தின் கடனை ஏற்கும் தோள், ஹயாத்தோடு இருப்பவரின் பாரத்தில் ஒரு பகுதியையேனும் ஏன் ஏற்கக் கூடாது?

இன்று அஸருக்குப் பின் உங்கள் பள்ளியில் ஒருவர் எழுந்து போகாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். செருப்பைத் தேடும் அவசரத்தில் அவரைக் கடந்து போய் விடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "என்ன பாய், உடம்பு எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள்.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும், கஞ்சத்தனத்திலிருந்தும் கோழைத்தனத்திலிருந்தும், கடன் சுமையிலிருந்தும் மனிதர்களின் ஆதிக்கத்திலிருந்தும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக! நமக்குத் தந்த உடலையும் உயிரையும் அமானிதமாகப் பேணி, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் ஜமாஅத்தாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.